சூடே ஆகாத வண்டி

கேஸ் மாட்டின பிறகு போஜராஜின் அம்பாசிடர் தொட்டபெட்டா மேட்டில் ஏறவில்லை. மாட்டினது நான்.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், இந்தப் பக்கம் வாருங்கள். உங்கள் பத்மினி காருக்கும் கேஸ் மாட்டவேண்டும் என்கிறீர்கள். மாட்டலாம். மாட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஊட்டியில் யாரிடம் விசாரித்தாலும் இந்தக் கதையை உங்களிடம் சொல்லிவிடுவார்கள், அவனவன் இஷ்டத்துக்குக் கை கால் ஒட்டி. அதற்கு நானே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் சுருக்கமாக இருக்கும்.

என் பெயர் வெளியே போர்டில் இருக்கிறது. குப்புராஜ். பல்லடத்துக்காரன். நான் மலைக்கு வந்த காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டியெல்லாம் பர்லியாறில் ஒரு தரம் கொதிக்கும், காட்டேரியில் ஒரு தரம் கொதிக்கும். டிரைவர் இறங்கி, ரேடியேட்டர் மூடிமேல் ஈரச்சாக்கைப் போட்டுத் திறந்து, ஆவி அடங்கும்வரை பீடி பிடித்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் மேலே வருவான். அதை நிறுத்தினவன் நான். சும்மா சொல்லவில்லை, டாக்ஸி ஸ்டாண்டில் பழைய ஆட்களைக் கேளுங்கள்.

எப்படி நிறுத்தினேன்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. இன்ஜின் தலையில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகும்வரை மூடிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகவிடாது. சூடானால் திறக்கும். பழசானால் திறக்காமல் மக்கர் பண்ணும். குளிர் தேசத்துக்காரன் செய்து வைத்தது அது, நம் வண்டிக்கு எதற்கு? கழற்றி எறிந்தேன். தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடும், எந்நேரமும் ஆறும். வண்டி கொதிக்காது. என்னிடம் பிளக் மாற்ற வந்தாலும் சரி, ஹாரன் பார்க்க வந்தாலும் சரி, முதலில் தெர்மோஸ்டாட் வெளியே வரும். டிரைவர் கேட்கவே வேண்டாம். கோயிலுக்குப் போனால் செருப்பைக் கழற்றுகிற மாதிரி.

குளிர் தேசம் என்று சொன்னேன் இல்லையா? ஊட்டியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. சிரிக்கவேண்டாம். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

சரி, போஜராஜ். படுகர். கோத்தகிரிப் பக்கம் ஊர், வீடு இங்கே ஊட்டியில். பேச்சு குறைவு. என்னைவிடக் குறைவு. அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போகும். தினமும் காலையில் நாலைந்து டீச்சர்களை ஏற்றிக்கொண்டு கோத்தகிரி போவான், சாயந்திரம் கூட்டி வருவான். அது போக சவாரி. அவன் பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. டேங்க் மாற்றுவதற்குப் பதில் கேஸ் மாட்டிவிடலாமா மேஸ்திரி என்று கேட்டான். மாட்டலாம் என்றேன். அப்போது வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

கோயமுத்தூரிலிருந்து கேஸ் கிட் வந்தது. டிக்கியில் கேஸ் டேங்க். முன்னால், இன்ஜின் பக்கத்தில், டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு இரும்புக் குடுவை, ரெட்யூசர் என்பார்கள். டேங்கில் கேஸ் தண்ணீர் மாதிரி இருக்கும். இந்தக் குடுவைக்குள் வந்துதான் ஆவியாகும். ஆவியாக வேண்டுமானால் சூடு வேண்டும், அதற்கு இன்ஜின் தண்ணீரை இரண்டு ரப்பர் ஓஸ் வைத்து இதற்குள் சுற்றவிடவேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் மாட்டவில்லை.

அதற்குமேல் ஒரு கன்ட்ரோல் பெட்டி. அதுதான் புதுசு. பழைய கிட்டில் ஒரு ஸ்குரூதான் இருக்கும், திருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இதில் சைலன்சர் குழாயில் ஒரு மூக்கு மாட்டவேண்டும். அது புகையை மோந்து பார்த்து, கேஸ் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று பெட்டிக்குக் கோள் சொல்லும். பெட்டி ஒரு குட்டி மோட்டாரைத் திருப்பிச் சரிபண்ணும். நல்லபடியாக நடந்தால் பெட்டியில் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆள் செய்கிற வேலையை இன்னொரு ஆள் மோந்து பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு வீட்டிலேயே நடக்கிறது.

ஆனாலும் மாட்டினேன். பழைய பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஓரமாகப் போட்டேன். இனிமேல் அது எதற்கு என்றேன். போஜராஜ் ஒரு நிமிஷம் அந்த டேங்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். மற்றவன் பேசாமல் இருந்தால் நான் சொன்னது சரி என்று எடுத்துக்கொள்கிற ஆள் நான்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க வண்டி நன்றாக ஓடியது. பின் கண்ணாடியில் என் ஒர்க்‌ஷாப் ஸ்டிக்கரை ஒட்டினேன், பெரிய சைஸ்.

மார்கழி வந்தது. உறைபனி. காலையில் ரேஸ்கோர்ஸ் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளை. வண்டி கிளம்பியது, சேரிங்கிராஸ் தாண்டியது, தொட்டபெட்டா மேட்டில் பாதி ஏறினதும் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. டீச்சர்கள் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜங்ஷன் வரைக்கும் நடந்து போய் பஸ் பிடித்தார்கள். வெயில் ஏறினதும் வண்டி தானாகக் கிளம்பிவிட்டது. என்னிடம் கொண்டு வந்தான். நான் ஸ்டார்ட் பண்ணினேன். குதிரை மாதிரிக் கிளம்பியது. ஒன்றுமில்லை போ என்றேன்.

மறுபடி நின்றது.

இதில் என்ன இருக்கிறது, வண்டி நிற்பதுதானே என்று நினைக்கிறீர்கள். எங்கள் ஸ்டாண்டில் இரண்டு வரிசை உண்டு. வெளியூர் வரிசை, உள்ளூர் வரிசை. கோத்தகிரி, குன்னூர், மசினகுடி எல்லாம் வெளியூர் வரிசைக்கு. உள்ளூர் வரிசை என்றால் ரயிலடி, மார்க்கெட், ஏரி. ஆளை நடுவழியில் இறக்கிவிட்டுப் பெயர் கெட்ட வண்டியை உள்ளூர் வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் தள்ளப்பட்ட வண்டி திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கண் மங்கின டிரைவர்கள் வீட்டில் உட்கார முடியாமல் வந்து நிற்கிற இடம் அது. போஜராஜுக்கு இரண்டு பெண்கள் காலேஜில். அந்த வரிசையில் நின்று எந்தப் பெண்ணையும் படிக்கவைக்க முடியாது. ஸ்டாண்டு செயலாளர் கூப்பிட்டு, இன்னொரு தரம் நின்றால் நான் ஒன்றும் செய்யமுடியாது என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான். வரிசையில் பின்னால் நிற்கிறவன் வாயை அவரால் அடைக்கமுடியாது.

போஜராஜ் என்னிடம் வந்து அதைச் சொன்னான். சொல்லிவிட்டு நின்றான். "நீங்க பாத்துக்குவீங்கதானே மேஸ்திரி" என்று கேட்டான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

பார்த்தேன். பிளக் மாற்றினேன். வயர் மாற்றினேன். கன்ட்ரோல் பெட்டி காலையில் சிவப்பு விளக்கு காட்டுகிறது என்றான் போஜராஜ். பார்த்தாயா, பெட்டிதான் கோளாறு என்றேன். பெட்டியைத் திட்டினேன். கழற்றி வேறு பெட்டி போட்டேன். அதுவும் சிவப்பு காட்டியது. அதையும் திட்டினேன். கடைசியில் அந்த மூக்கையே பிடுங்கிவிட்டு, பழைய முறைப்படி ஸ்குரூ வைத்துத் திருகினேன். ஆள் ஏற்றாமல் மேட்டில் விட்டுப் பார்த்தோம், வண்டி முன்னைவிடச் சீக்கிரம் நின்றது.

கிட் கொடுத்த கடைக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு பையன் எடுத்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணா, இன்ஜின் நல்லா சூடாகுதுங்களா?" என்று கேட்டான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைப் பார்த்து அந்தக் கேள்வியா? "தம்பி, நான் மலையில வேலை பாக்கறவன். என் கைபட்ட வண்டி எதுவும் சூடே ஆகாது. ஊர்ல விசாரிச்சுப் பாரு" என்றேன்.

"இல்லீங்கண்ணா, நான் கேக்கறது..." என்று ஆரம்பித்தான். வைத்துவிட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு இப்போதே புரிந்துவிட்டதா? நல்லது. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், பாங்கிலா? எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்துவிட்டது. சரி, கேளுங்கள், மிச்சத்தையும் கேட்டுவிட்டே போங்கள்.

இன்னொரு நாள் வெறும் வண்டியை ஏற்றிப் பார்த்தபோது, அது நின்ற இடத்துக்கே போய்ப் பார்த்தேன். ரெட்யூசர்மேல் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. சுரண்டிப் பார்த்தேன், ஐஸ்தான். யோசித்தேன். பனிக்காலம். குளிருகிறது. குளிருகிற பொருளுக்கு என்ன செய்வோம்? என் சம்சாரத்தின் பழைய மப்ளர் ஒன்று, கம்பளி, மெரூன் கலர், அதைக் கொண்டுவந்து ரெட்யூசருக்கு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். முடிச்சு போட்டேன். போஜராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். இது போதுமா மேஸ்திரி என்றான். தாராளம் என்றேன். அந்த மப்ளரைத் தேடி வீட்டில் சண்டை நடந்தது தனிக்கதை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் ஒரு கல்யாணம். இங்கே ஊட்டி காந்தலில் கமருன்னிசா என்று பிரியாணி செய்கிற அம்மா ஒருத்தி உண்டு, கல்யாணம் என்றால் அவள் கைதான். கோத்தகிரிக்காரர்கள் அவளை ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்றைக்கு வெளியூர் வரிசையில் முன்னால் நின்றது போஜராஜின் வண்டி. வரிசையை விட்டுக்கொடுத்தால் வண்டி கோளாறு என்று அவனே ஒத்துக்கொண்ட மாதிரி. எடுத்தால் மேட்டில் என்ன ஆகுமோ. எடு, நான் கூட வருகிறேன் என்றேன். டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாவின் ஆட்கள் விடியலிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். பிரியாணி தேக்சாக்கள் மேலே கேரியரில். அவள் பின் சீட்டில், கரண்டிகள், மசாலா டப்பாக்கள், ஒரு பெரிய பிளாஸ்க், அத்தனைக்கும் நடுவில். ஏறினதிலிருந்து வாய் மூடவில்லை. வண்டி ஏன் இப்படி ஆடுகிறது, முன்னால் உட்கார்ந்திருக்கிற பெரியவர் யார், மெக்கானிக்கைக் கூடவே கூட்டிக்கொண்டு போகிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன், ஆஸ்பத்திரிக்கு டாக்டரோடு போகிற மாதிரி இருக்கிறது என்று. நான் திரும்பவில்லை. போஜராஜ் இன்னும் கொஞ்சம் கெட்டியாக ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

மேடு வந்தது. இருமியது. நான் மனசுக்குள் மப்ளரை நினைத்துக்கொண்டேன். நின்றுவிட்டது.

பின்னால் எங்கள் ஸ்டாண்டு வண்டி ஒன்று வந்தது. ஓட்டினவன் வேகம் குறைத்து, கண்ணாடியை இறக்கி, போஜராஜைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். கேட்டிருந்தால் தேவலை. சாயந்திரத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும். போஜராஜ் இறங்கிப் போய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். பானெட்டைத் திறக்கக்கூட வரவில்லை.

நான் திறந்தேன். குனிந்தேன். பெட்டியைத் தட்டினேன். வயரை ஆட்டினேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நிமிர்ந்தால் யார் முகத்தையாவது பார்க்கவேண்டியிருக்கும் என்று குனிந்தே இருந்தேன்.

பின் கதவு திறக்கிற சத்தம்.

"என்னா மேஸ்திரி, எவ்ளோ நேரம் குனிஞ்சுகிட்டே இருப்பீங்க? உள்ள எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"நீங்க உள்ள உக்காருங்கம்மா, குளிரும்."

"அங்க ஆட்டுக்கறி காத்துக்கிட்டு இருக்கு. நான் உக்காந்தா யாரு போடுவா?" எட்டிப் பார்த்தாள். "இதென்னா, இதுக்கு மப்ளர் கட்டியிருக்கீங்க? ஜலதோசமா?"

நான் பதில் சொல்வதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். உள்ளே முழுக்க வெள்ளை. மப்ளரும் விறைத்துப்போய்க் கருவாடு மாதிரி நின்றது.

இது வழியாகவா கேஸ் வருகிறது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஐஸ் கட்டினால் கேஸ் எப்படி வரும் என்றாள். ஊட்டிப் பனியில் அவள் பெரிய அடுப்பைப் பற்றவைத்தால் கொஞ்ச நேரத்தில் சிலிண்டர் அடியில் இதே மாதிரி வெள்ளை பூக்குமாம், தீ உட்கார்ந்துவிடுமாம். வெந்நீர்த் தொட்டியில் சிலிண்டரை நிற்கவைத்தால் தீ எழுந்திருக்குமாம்.

"உங்க அடுப்பு வேற, இது வேறம்மா."

"கேஸ் ஒண்ணுதானே?"

அவள் போய் பிளாஸ்க்கை எடுத்து வந்தாள். ஆட்களுக்கு என்று போட்டு வைத்த இஞ்சி டீ. நகருங்கள் என்றாள். நகர்ந்தேன். டீ முழுவதையும் ரெட்யூசர் தலையில் ஊற்றினாள், பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி, சுற்றிச் சுற்றி. ஆவி குபுகுபுவென்று எழுந்தது. ரோடு முழுக்க இஞ்சி வாசனை.

"தம்பி, வந்து ஸ்டார்ட் பண்ணு" என்றாள். போஜராஜ் என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன். வந்து சாவியைத் திருப்பினான். பிடித்துக்கொண்டது.

அத்தோடு விட்டிருக்கலாம் அவள். இன்ஜின் ஓடுகிறது, ஏறிப் போகவேண்டியதுதானே. இல்லை. அந்தக் குடுவைக்குச் சூடு எங்கிருந்து வரும் என்று கேட்டாள். எப்போதும் டீயா ஊற்றுவீர்கள் என்று கேட்டாள். இன்ஜின் தண்ணீர் இந்த ஓஸ் வழியாக வரும் என்று காட்டினேன். ஓஸைப் பிடித்துப் பார்த்தாள். கொதிக்கிற தேக்சாவைத் துணி இல்லாமல் இறக்குகிற கை.

"இது ஜில்லுனு இருக்கே."

"என் வண்டி எதுவும் சூடே ஆகாதும்மா" என்றேன். பழக்கதோஷம். வாயில் தானாக வந்துவிட்டது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடுப்ப அணைச்சு வச்சுட்டு சோறு வேகலேங்கறீங்க" என்றாள். சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அந்த ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் காதில் கோயமுத்தூர்ப் பையன், "நான் கேக்கறது..." என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போஜராஜ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தான். அவன் வண்டியின் தெர்மோஸ்டாட்டை நான் கழற்றினபோது டார்ச் பிடித்தவன் அவன்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இரண்டு பேரும் பேசவில்லை. நான் சொன்னேனே, எங்களுக்குள் ஒத்துப்போகும்.

கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் தெர்மோஸ்டாட் தேடினேன். கடையில் இல்லை. சரி, ஓடாமல் நிற்கிற பழைய அம்பாசிடர் ஒன்றிலிருந்து எடுத்துப் போடலாம் என்று கிளம்பினேன். முதல் வண்டியைத் திறந்தேன். இல்லை. அடுத்த வண்டி. இல்லை. அதற்கடுத்தது, ஒரு எஸ்டேட் துரை காலத்து வண்டி, தூசி கூடத் தட்டாமல் கிடந்தது. அதிலும் இல்லை. ஊட்டி முழுக்க ஒரு அம்பாசிடரிலும் தெர்மோஸ்டாட் இல்லை. எந்தத் திருடன் இத்தனை வண்டியில் கைவைத்தான் என்று எரிச்சலோடு கேட்டேன். அந்த எஸ்டேட் வாட்ச்மேன், "நீங்கதானுங்க" என்றான்.

கடைசியில் கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. கொண்டுவந்து போட்டேன். மூக்கைத் திரும்ப மாட்டினேன். முதலில் இருந்த கன்ட்ரோல் பெட்டியையே வைத்தேன். உறைபனிக் காலையில் தொட்டபெட்டா மேட்டில் ஏற்றினேன். பச்சை விளக்கு. ஜங்ஷன் வரைக்கும் பச்சை. அந்தப் பெட்டி முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டிலும் அப்படித்தானோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

வண்டியை உள்ளூர் வரிசைக்குத் தள்ளுவதற்குள் செயலாளரை உட்காரவைத்து மேட்டில் ஏற்றி இறக்கிக் காட்டினோம். சரி என்றார். போஜராஜின் வண்டி வெளியூர் வரிசையில் அதே இடத்தில் நின்றது, டீச்சர்கள் திரும்ப வந்தார்கள். என்ன கோளாறு மேஸ்திரி என்று செயலாளர் கேட்டார். ஒரு சின்ன பார்ட், உங்களுக்குச் சொன்னால் விளங்காது என்றேன். போஜராஜ் பக்கத்தில் நின்றான். அவன் காட்டிக்கொடுக்கவில்லை. தங்கமான மனுஷன்.

இப்போது உங்கள் வண்டி. நீங்கள் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தபோது திறந்து பார்த்துவிட்டேன். அதிலும் தெர்மோஸ்டாட் இல்லை. முந்தின ஓனர் யார், லவ்டேல் டாக்டரா? அப்படியானால் நான்தான். அதைப் போடாமல் கேஸ் மாட்டமாட்டேன். பார்ட் வரும்வரை காத்திருங்கள். எனக்குப் பொறுமை இல்லைதான், நீங்களாவது பொறுமையாக இருங்கள்.

மேட்டில் என்ன நடந்தது என்பது ஊருக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? நான் சொல்லவில்லை. போஜராஜும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. அதோ ரோட்டில் திரும்புகிறதே வெள்ளை அம்பாசிடர், அதுதான் அவன் வண்டி. முன் கண்ணாடியில் எல்லோரையும் போல அவன் குலசாமி, ஹெத்தையம்மன் துணை. பின்பக்கம் பாருங்கள், போவதற்குள் பாருங்கள். என் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் பெயின்டரை வைத்து, சிவப்பு எழுத்தில், என் பெயர் இருந்ததைவிடப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான்: கமருன்னிசா துணை.